கண்ணுக்குக் கீழே ஒரு சுழி

காஞ்சிபுரத்தில் சுத்தம் பார்ப்பது என்றால் அது பட்டுக்குத்தான். ஜரிகையை உரசிப் பார்ப்பார்கள், நூலைக் கொளுத்தி முகர்ந்து பார்ப்பார்கள். குதிரையில் சுத்தம் பார்த்த ஒரே ஆள் எனக்குத் தெரிந்து லோகாம்பாள்தான். ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரில், ஜட்கா ஸ்டாண்டை ஒட்டி நான் சைக்கிள் கடை வைத்திருந்தேன். அவள் புருஷன் அர்ஜுனன் அந்த ஸ்டாண்டில் ஜட்கா ஓட்டினான். ஓட்டுவது மட்டும்தான் அவன். புல், கொள்ளு, குளிப்பாட்டல், வைத்தியம் எல்லாம் அவள்.

அவர்கள் குதிரை முத்து, சாம்பல் நிறப் பெட்டை. தலையைத் தூக்கினால் இரண்டு காதுகளும் உள்பக்கமாக வளைந்து நுனியோடு நுனி தொடும். வடக்கே கத்தியவார் குதிரைக்குத்தான் அப்படிக் காது. லோகாம்பாளின் அப்பா அந்தியூர்ச் சந்தையில் ஒரு வடநாட்டு வியாபாரியிடம் வாங்கிய குதிரையின் பேத்தி அது. அவள் அப்பா குதிரையை அந்தியூருக்கே ஓட்டிப்போய் அதே ஜாதியோடு மட்டும்தான் சேர்ப்பார். அர்ஜுனனோ சவாரி ஏறுகிறவர்களிடம், ஆற்காட்டு நவாபின் படையில் வந்த வம்சம் என்று அளந்து விடுவான். அவள் காதில் விழுந்தால் போதும், சவாரி முன்னாலேயே வெட்டிவிடுவாள்.

“நவாபும் இல்ல, கிவாபும் இல்ல. எங்கப்பன் வாங்கினது.”

அறுபத்தெட்டாம் வருஷம் முத்துவுக்கு வயதாகிவிட்டது. அதற்கு முன் ஒரே ஒரு குட்டி போட்டிருந்தது. மேய்ச்சலில் எந்த மட்டக்குதிரையோடு சேர்ந்ததோ, கழுதைக்கு அண்ணன் மாதிரி ஒன்று பிறந்தது. இனி ஒரு குட்டிக்குத்தான் முத்துவுக்குத் தெம்பு இருந்தது. அதுவும் கலப்பாகிவிட்டால் அப்பா கொண்டுவந்த வம்சம் அதோடு சரி. அந்தியூர் வரை நடத்திக்கொண்டு போகவும் முடியாது. இந்தக் கவலையில் அவள் சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை.

அப்போதுதான் பக்கத்துக் கிராமமான தாமலில் ஜீவந்தரன் நைனாரிடம் அதே காதுள்ள ஆண் குதிரை இருப்பதாகத் தெரிந்தது. நைனார் சமணக் குடும்பத்துப் பெரிய விவசாயி. வயலைச் சுற்றி வர அந்தியூரில் ஆசையாக வாங்கி வந்தார். வீட்டுக்கு வந்த பிறகுதான் யாரோ காட்டினார்கள். இடது கண்ணுக்குக் கீழே, கண்ணீர் வழிகிற இடத்தில் ஒரு மயிர்ச்சுழி. அப்படிச் சுழி உள்ள குதிரை நிற்கிற வீட்டில் அழுகை ஓயாது என்று குதிரைக்காரர்கள் அத்தனை பேரும் நம்பினார்கள். வேறு ஒருவராக இருந்தால் ராத்திரியோடு ராத்திரியாக அதை அடுத்தவன் தலையில் கட்டியிருப்பார். விற்றால் வாங்கியவன் வீட்டு அழுகை தன் பாவம் என்று நைனார் விற்கவில்லை. காயடிப்பது ஹிம்சை என்று அதையும் செய்யவில்லை. குதிரை ஏரிக்கரையில் தின்றுகொண்டு ஜமீன்தார் போல வாழ்ந்தது.

முத்துவோடு அதைச் சேர்க்கக் கேட்டு லோகாம்பாள் முதல் முறை போனபோது நைனார் கையெடுத்துக் கும்பிட்டார்.

“வேற எது வேணும்னாலும் கேளும்மா. குட்டிக்கும் அந்தச் சுழி வந்துட்டா? உன் வூட்ல ஒரு சொட்டு கண்ணீர் விழுந்தாலும் அது என்னைத்தாம்மா சேரும்.”

பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடு என்று உட்காரவைத்துச் சோறு போட்டு அனுப்பினார். இரண்டாம் முறையும் இதே கும்பிடு, இதே சோறு. கெட்ட மனுஷனைத் திட்டிவிட்டு வரலாம், நல்ல மனுஷனை என்ன செய்வது என்று என் கடை வாசலில் வந்து புலம்பினாள்.

பங்குனியில் முத்து பருவத்துக்கு வந்தது. அதை ஓட்டிக்கொண்டே தாமலுக்கு நடந்தாள். நைனார் மறுபடியும் கும்பிடக் கை தூக்கினார்.

“கைய எறக்குங்க நைனாரே,” என்றாள். “ரெண்டு புள்ளய மண்ணுல வெச்சிக்கினு நிக்கறேன். ஒண்ணு அம்மையில போச்சி, ஒண்ணு பேதியில போச்சி. அப்ப எங்க வூட்ல எந்தக் குதிரைக்கு இன்னா சுழி இருந்துச்சி? அந்தக் கண்ணீரெல்லாம் யார் பாவத்துல சேர்ந்துச்சி, சொல்லுங்க.”

நைனார் கையை இறக்கினார். தானே போய்க் குதிரையை அவிழ்த்து வந்தார்.

அடுத்த மாசியில் முத்து ஒரு பெட்டைக் குட்டியைப் போட்டது. காதுகள் இரண்டும் ஒன்றையொன்று தேடி வளைந்திருந்தன. இடது கண்ணுக்குக் கீழே சுழியும் இருந்தது. சில நாளில் முத்து காய்ச்சல் கண்டு செத்துப்போனது. அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு லோகாம்பாள் அழுத அழுகை ஸ்டேஷன் வரை கேட்டது. சுழி வேலையைக் காட்டிவிட்டது என்று ஸ்டாண்டே பேசியது. பொய் சொல்வானேன், நானும் பயந்துதான் போனேன்.

பிழைப்புக்குக் குதிரை இல்லை. அர்ஜுனன் மற்றவர்கள் வண்டிக்கு மாற்றாளாகப் போனான். அவள் நெசவுக்காரர் வீடுகளில் தறிக்கு நூல் தார் சுற்றப் போனாள், வந்து குட்டிக்குப் பசும்பாலில் வெல்லம் கரைத்து ஊட்டினாள். வாலாஜாபாத்தில் ஒருவர் காது விஷயம் கேள்விப்பட்டு, மறுநாள் வந்து பார்க்கிறேன், சுழி சுத்தமாக இருந்தால் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியனுப்பினார். அர்ஜுனன் உடனே லாடம் அடிக்கிற தர்மனைக் கூட்டி வந்தான்.

“சுழி மேல ஒரு சூடு. அதோட மயிர் மொளைக்காது,” என்றான் தர்மன். “கேட்டா, கண்ணு வலிக்கு வெச்ச சூடுன்னு சொல்லிக்கோ.”

லோகாம்பாள் வேலை முடிந்து வந்தபோது குட்டியின் கால்களைக் கட்டிப் படுக்கவைத்திருந்தார்கள். தர்மன் கையில் கம்பி சிவந்திருந்தது. அவள் ஓடிப்போய்க் குட்டியின் கன்னத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

“சுடறதா இருந்தா என் கை மேல சுடு, தர்மண்ணே.”

“எந்திரி லோகா,” என்றான் அர்ஜுனன். “யார் வாங்குவான் இத?”

“காது அதுங்கப்பனுது, அது வேணும். சுழியும் அதுங்கப்பனுதுதான், அது வேணாமா? பாதிய வெச்சிக்கினு பாதியச் சுட்டுட்டா அப்பறம் இன்னாய்யா சுத்தம்?”

“முத்து செத்துச்சே, பாத்துக்கினுதான இருந்தே? நாளைக்கு நம்ம வூட்ல எதுனா ஒண்ணுன்னா?”

“ஒண்ணுன்னா அழுவறேன். அதுக்கோசரம் இது மூஞ்சியச் சுடணுமா?”

அவள் கை நகரவில்லை. கம்பி சிவப்பு போய்க் கறுத்தது. தர்மன் அதை எடுத்துக்கொண்டு போனான். அர்ஜுனன் முணுமுணுத்துக்கொண்டே குட்டியின் கால் கட்டை அவிழ்த்தான்.

மறுநாள் காலை வாலாஜாபாத்காரர் சொன்னபடி வந்தார். அவர் கேட்பதற்கு முன்னாலேயே லோகாம்பாள் குட்டியின் இடது கன்னத்தை அவர் பக்கம் திருப்பினாள்.

“மொதல்ல இதப் பாருங்க. அப்பறம் காதப் பாருங்க.”

அவர் காதைப் பார்க்காமலே போய்விட்டார். லோகாம்பாள் குட்டிக்குப் பால் காய்ச்ச உள்ளே போனாள்.