தன் ஆட்டத்தைத் தானே வர்ணித்த அனிசே

துவாலா துறைமுக நகரில் எங்கள் பேட்டையில் ஞாயிற்றுக்கிழமை காலை, நாற்பதைத் தாண்டிய ஆண்கள் பள்ளி மைதானத்தில் பந்து உதைப்போம். தொப்பையோடும் மூட்டுவலியோடும் ஓடி முடித்து, மரத்தடியில் சுட்ட மீன் தின்று, பீர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போவோம். அந்தக் கூட்டத்தில் இடது ஓரம் ஆடியவன் அனிசே. சிமெண்ட் கிடங்கில் மூட்டை அடுக்குவது அவன் பிழைப்பு.

அவனுக்குத் திக்குவாய். சாதாரணத் திக்கல் இல்லை. பெயரைக் கேட்டால் 'அ'விலேயே கழுத்து நரம்பு புடைத்து நின்றுவிடும். கேட்டவர் பொறுமை இழந்து "அனடோலா?" என்று எடுத்துக் கொடுப்பார். அவனும் தலையாட்டிவிடுவான். கிடங்கில் பாதிப் பேருக்கு அவன் அனடோல்தான்.

ஆனால் காலில் பந்து வந்ததும் அவன் வேறு ஆள். ரேடியோ வர்ணனையாளர் குரலில் தன் ஆட்டத்தைத் தானே சொல்லிக்கொண்டு ஓடுவான். ஒரு சொல்கூடத் தடுக்காது.

"பந்து அனிசேயிடம். ஒருவரைக் கடக்கிறார். இன்னொருவரையும் கடக்கிறார். பரிதாபம் நேயர்களே, பந்து மட்டும் கடக்கவில்லை."

நாங்கள் சிரித்துக்கொண்டே ஆடினோம். அந்தக் குரலின் மிச்சத்தில் அவன் திங்கள் வரைக்கும் வீட்டில் கொஞ்சம் பேசுவான் என்று அவன் மனைவி ஒடில் சொல்வாள்.

துறைமுக அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்ற எபோங்கே எங்கள் கிளப்புக்குத் தலைவரானதும் எல்லாம் ஒழுங்குக்கு வந்தது. ஒரே நிறச் சட்டை, விசில், நேரத்துக்கு ஆட்டம். ஒரு ஞாயிறு வெளிக் கிளப் ஒன்று ஆட வந்தது. அவர்களில் ஒருவன் அனிசேயைக் கைப்பேசியில் வீடியோ பிடித்தான். அது ஊரெல்லாம் சுற்றி, எபோங்கேயின் மருமகன் கைக்கே வந்து சேர்ந்தது.

அடுத்த வாரம் எல்லாரையும் நிற்க வைத்துச் சொன்னார். "நம்மள சர்க்கஸ் கம்பெனின்னு சொல்றானுங்க. அனிசே, இது ரேடியோ ஸ்டேஷன் இல்ல. வாயை மூடிக்கிட்டு ஆடு, இல்லன்னா வெளிய உக்காரு."

அனிசே தலையாட்டினான். நாங்கள் சட்டையை மாட்டிக்கொண்டு ஆடப் போனோம்.

வாயை மூடியதும் அவன் கால்களுக்கு வழி மறந்துபோயிற்று. பந்து வரும், குனிந்து அதைப் பார்த்துக்கொண்டு நிற்பான், யாராவது பறித்துக்கொண்டு போவார்கள். வீட்டிலும் பேச்சு நின்றது. உப்பு வேண்டுமென்றால் விரலை நீட்டினான். ஒடில் அவனிடம் கெஞ்சினாள், திட்டினாள், தனியாகப் போய் அழுதாள்.

மழைக்காலத் தொடக்கத்தில் அது நடந்தது. கிடங்கில் ஓர் அடுக்கின் அடி மூட்டை ஈரத்தில் இளகிச் சரியத் தொடங்கியது. கீழே அவனோடு மூட்டை அடுக்கும் முவேலே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தான். பார்த்தது அனிசே மட்டும்தான். 'விலகு' என்று ஒரு சொல் போதும். வாயைத் திறந்தான், வரவில்லை. ஓடி எட்டுவதற்குள் மூட்டைகள் விழுந்துவிட்டன. முவேலேயின் ஒரு கால் தொடை வரை நசுங்கியது.

அனிசே வேலைக்குப் போவதை நிறுத்தினான். சுவரைப் பார்த்துப் படுத்தான், சாப்பிடவில்லை. ஒரு மாலை படுக்கை காலியாக இருந்தது. ஒடில் தெருத்தெருவாகத் தேடி, கடைசியில் வூரி ஆற்றுப் பாலத்தில் கண்டுபிடித்தாள். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான். இங்கே எதற்கு வந்தீர்கள் என்று கேட்டாள்.  சட்டையைக் கொத்தாகப் பிடித்து வீடு வரை இழுத்து வந்தாள். அதற்குப் பிறகு அவனை ஒரு நொடியும் தனியே விடவில்லை.

மறுநாள் அவனை ஒரு பக்கத்து வீட்டுக்காரியின் காவலில் வைத்துவிட்டு எபோங்கே வீட்டுக்குப் போனாள். அவன் சாப்பிடாமல் கிடப்பதைச் சொல்லி, ஆட்டத்தில் அவனைப் பேசவிடும்படி கேட்டாள்; பாலத்தைப் பற்றிச் சொல்லவில்லை. அவர் உட்கார வைத்து, குளிர்பானம் கொடுத்து, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொன்னார். விதி எல்லாருக்கும் ஒன்றுதான் என்றார்.

அந்த ஞாயிறு அனிசே கிளப் சட்டையைத் துவைத்து மடித்து, திருப்பிக் கொடுக்க எடுத்து வந்தான். பின்னாலேயே ஒடில். எங்களுக்கு ஓர் ஆள் குறைந்தது. சட்டையைப் போட்டுக்கொண்டு சும்மா ஓரத்தில் நின்றால் போதும் என்று நாங்கள் சொன்னோம். நின்றான்.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மற்றவர்களோடு மெல்ல ஓடினான். அப்போது கோட்டுக்கு வெளியே ஒரு பெண் குரல் கேட்டது.

"இப்போ என் வீட்டுக்காரர் ஓடறாரு. பந்து அவர்கிட்ட இல்ல, ஆனாலும் ஓடறாரு. அந்த மஞ்சச் சட்டைக்காரர் பந்தைக் கையால எடுத்துட்டாரு. யாரும் ஒண்ணும் கேக்கல."

மஞ்சள் சட்டைக்காரர் கோல்கீப்பர். எல்லாரும் சிரித்துவிட்டோம். எபோங்கே விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தினார். அவளிடம் போய், வீட்டுக்குப் போகும்படி மரியாதையாகத்தான் சொன்னார்.

"போக மாட்டேன் தலைவரே. அவர் வாயை நீங்க அடைச்சீங்க, நான் தொறந்து பாக்கறேன். இல்லன்னா இந்த மனுஷன் செத்துப்போயிடுவாரு. பாலத்துல போய் நின்னாரு, உங்களுக்குத் தெரியுமா?"

எங்களுக்குத் தெரியாது.  எபோங்கே விசிலைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். எங்கள் பக்கத்து ஆள் ஒருவன், வேறென்ன செய்வதென்று தெரியாமல், பந்தை அனிசே பக்கம் தட்டிவிட்டான்.

அனிசே பந்தின் மேல் கால் வைத்தான். 

"பந்து," என்றான். நீண்ட நேரம் கழித்து, "அனிசேயிடம்."

ஓடத் தொடங்கினான். "அனிசே ஓரமாக வருகிறார். அனிசே பார்க்கிறார். மூட்டைகள் சரிகின்றன. முவேலே திரும்பவில்லை. அனிசே வாயைத் திறக்கிறார், குரல் வரவில்லை நேயர்களே. அனிசே கத்தவில்லை. மூட்டைகள் விழுகின்றன. அனிசே கத்தவில்லை."

யாரும் அவனைத் தடுக்கப் போகவில்லை. அழுதுகொண்டு, அதே தெளிவான குரலில் சொல்லிக்கொண்டு, கோட்டைத் தாண்டி, கோல் கம்பத்தையும் தாண்டி, பள்ளிச் சுவர் வரை பந்தைக் கொண்டுபோனான். அங்கே உட்கார்ந்துவிட்டான். ஒடில் ஓடிப்போய் அவன் தலையை மடியில் சாய்த்துக்கொண்டாள்.

அன்று ஆட்டம் அதோடு முடிந்தது. எபோங்கே மன்னிப்புக் கேட்கவில்லை. விதியை நீக்கியதாகவும் அறிவிக்கவில்லை. அடுத்த ஞாயிறு அனிசே வாய் திறந்தபோது அவர் வேறு பக்கம் பார்த்தார். அவ்வளவுதான்.

முவேலேயைப் பார்க்க அனிசே ஆஸ்பத்திரிக்குப் போனான். உள்ளே என்ன பேசினார்கள் என்று இருவரும் சொன்னதில்லை. முவேலேயின் கால் தேறவில்லை, எடுத்துவிட்டார்கள். அனிசே கிடங்குக்குத் திரும்ப வெகுகாலம் ஆனது. அதுவரை ஒடில் மரவள்ளிக் கிழங்கு மாவை இலையில் கட்டி அவித்து விற்றுக் குடும்பத்தை ஓட்டினாள்.

இப்போதும் சில ஞாயிறுகளில் அவன் எழுந்திருப்பதில்லை. அந்த நாட்களில் நாங்கள் ஆடப் போவதில்லை. தெருப் புழுதி படிந்த காலோடு அவன் வீட்டுக்குப் போய், படுக்கையைச் சுற்றி, அவன் எழும் வரை உட்கார்ந்திருக்கிறோம்.