தோணித் தளத்தில் செருப்பு

பேர்லேண்டில் கிளாட்வினின் புது வீட்டுக் கதவு திறந்ததும் சுறா எண்ணெய் வாடை முகத்தில் அடித்தது. கூடத்துத் தரைப் பலகைகளில் டெக்சாஸ் வெயில் பட்டு அது எழுந்துகொண்டே இருந்தது. ஊர்க்காரி என்று என்னைக் கூப்பிட்டிருந்தான். யார் மகள் என்று கேட்கவில்லை.

தோணி மரம் உளுத்துப்போகாமலிருக்க அந்த எண்ணெயைப் பூசியவர் என் அப்பா. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு வெங்காயம் ஏற்றிப்போன பாய்த்தோணியின் தண்டல், அதாவது கேப்டன். தோணி கரையில் நிற்கும் நாட்களில் மதியச் சோறு கொண்டுபோகும் நான், கயிறு முனகுவதையும் உலரப்போட்ட பாய் படபடப்பதையும் கேட்டுக்கொண்டு, கால் சுடச்சுட வெறுங்காலோடு நிற்பேன். எங்களுக்குச் சோறு போடும் தோணித் தளத்தில் யாரும் செருப்போடு ஏறக்கூடாது.

ஒருவர் ஏறினார். கிளாட்வினின் அப்பா, தோணி முதலாளி, ஷூக்காலோடு வந்து, "பாய்மரத்த வெட்டிரு. இஞ்சின் வைக்கப் போறேன். இனி நீ வேண்டாம்" என்றார். அப்பா அந்த ஷூவையே பார்த்துக்கொண்டு நின்றார். முப்பது வருடமாக நானும் அதையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"எங்க பழைய தோணி மரம், ஊர்லேர்ந்து ஷிப் பண்ணினேன்" என்று விருந்தாளிகளிடம் பெருமையடித்தான் கிளாட்வின். எங்கள் செருப்புகள் வாசலில் கிடந்தன. அவன் மட்டும் வீட்டுச் செருப்போடு பலகைமேல் நடந்தான்.

"செருப்பக் கழட்டுங்க" என்றேன்.

சிரித்தான். "என் வீடுதானே?"

"தளம் எங்கப்பாவோடது. கழட்டுங்க."

சிரிப்பு நின்றது. "நீங்க... தண்டல் மகளா?"

நான் அவன் காலையே பார்த்தேன். எல்லோரும் பார்த்திருக்க, குனிந்து ஒவ்வொன்றாகக் கழற்றினான். கையில் பிடித்தபடி, எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான்.

நான் வாசலைக் காட்டினேன்.