பஸ்னாவின் வருத்தத்துக்குப் பெயர் உண்டு

திகனையில் பஸ்னா தைத்த அபாயா யாருக்கும் அளவு பிழைத்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரி எனக்கு அது நன்றாகத் தெரியும். அவளைப் போய் 'பைத்தியம்' என்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இருபது வயது தாண்டியதும் ஆளில்லாத அறையில் அவளுக்குக் குரல்கள் கேட்கத் தொடங்கின. ஓதிய தண்ணீர் கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு ஆஸ்பத்திரி. ஸ்கிசோப்ரினியா, அதாவது மனச்சிதைவு என்றார்கள். மாத்திரையை ஒழுங்காக எடுக்கிறாள். குரல்கள் அடங்கிப் பல வருடமாயிற்று.

போன மாதம் கிளினிக்குக்கு அவளுடைய அண்ணன் நஸீப் நானாவும் போனார். சிலருக்கு இந்த நோயில் உடம்பின் எதிர்ப்புச் சக்திக்கும் பங்கு இருக்கலாம், கிருமியை விரட்ட வேண்டியதே மூளையில் அழற்சியை உண்டாக்குகிறதோ என்று ஆராய்கிறார்கள், இன்னும் முடிவாகவில்லை என்று டொக்டர் சஞ்சீவனி விளக்கினார். நானாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. வெளியே சொல்லக்கூடிய ஒரு வருத்தம், ஒரு உடம்பு நோய், கிடைத்துவிட்டதல்லவா! 'முடிவாகவில்லை' என்றது மட்டும் அவர் காதில் ஏறவில்லை.

மடவளையிலிருந்து பெண் பார்க்க வந்தவர்களிடம் அதைத்தான் ரத்தக் கோளாறாக்கி எடுத்துவிட்டார். மாப்பிள்ளை ஸைத், மனைவியை இழந்த கடைக்காரர், தன் உம்மாவோடு வந்திருந்தார். போட்டோவைப் பார்த்த நாளிலிருந்தே பஸ்னாவுக்கு அவரைப் பிடித்திருந்தது. நான் பால் விடாத பிளேன்டி ஊற்றிக் கொடுத்துவிட்டுக் குசினி வாசலில் நின்றேன்.

"தங்கச்சிக்கு ரெத்தத்துல சின்னக் கொற ஒண்டு. மருந்துக்குச் சரியாகிடும்" என்றார் நானா.

உள்ளறையிலிருந்த பஸ்னா எழுந்து முன்னறைக்கு வந்தாள்.

"அப்பிடியில்ல மாமி. எனக்கு ஈக்கிறது மனநோய். ரெத்தத்துக்கும் அதுல பங்கு ஈக்கலாம், ஈக்காமலும் போகலாம். மருந்த உட்டா திரும்பி வரும். அதால நான் உடமாட்டேன்."

ஸைத்தின் உம்மா கோப்பையைக் கீழே வைத்தார். யோசித்துச் சொல்வதாக மரியாதையாகவே கூறிவிட்டுக் கிளம்பினார்கள். வட்டிலாப்பத்தில் யாரும் கைவைக்கவில்லை.

கதவு சாத்தியதும் நானா கத்தினார். "வாய மூடிக்கிட்டு ஈந்தா ஒனக்கு ஒரு வாழ்க்க வந்திரிக்கும்! கெடுத்துட்டியே!"

பஸ்னா அழுதுகொண்டுதான் இருந்தாள். ஆனால் தலையைக் குனியவில்லை.

"அவர் வாணாண்டு செல்லட்டும் நானா. ஆனா என்னயத்தான் வாணாண்டு செல்லோணும். நீங்க செஞ்சு காட்டின பொம்புளய இல்ல."