பள்ளத்தைச் சுற்றிப் போட்ட கோடு

செம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் எங்கள் காலனி. அதன் கடைசி வீடு எங்களுடையது. வீட்டை ஒட்டிய காலி இடத்தில்தான் பூங்கா வரப்போகிறது என்றார்கள். அதன் நடுவில் ஒரு பள்ளம். மழை பெய்தால் தெருத் தண்ணீரெல்லாம் அதில்தான் இறங்கும். அது நிரம்பி வழிந்தால் அடுத்து எங்கள் வீட்டுக் கூடம். ஒரு முறை அப்படியும் ஆகிவிட்டது. பக்கவாதத்தில் படுத்திருக்கும் என் மாமனார், தூக்க ஆள் வரும்வரை கட்டிலுக்கடியில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

பூங்காவை வடிவமைக்க வந்த பெண் கெட்டிக்காரி. பள்ளத்தை அப்படியே விட்டுக் கோரை வளரவிடலாம், மேட்டில் மட்டும் மண் பாதை போதும் என்றாள். "கொசு வரும், பாம்பு வரும். மூடிட்டு பேவர் பிளாக் போட்டா நிம்மதியா வாக்கிங் போகலாம்," என்றார் எங்கள் சங்கச் செயலாளர். எட்டு வடிவ நடைபாதை என்றால் அவருக்கு உயிர். சரி, அவரவருக்கு வேண்டியதைத் தரையிலேயே கோலமாவால் வரைந்து காட்டுங்கள், பார்த்து முடிவெடுக்கலாம் என்றாள் அந்தப் பெண். செயலாளர் மேட்டில் மெல்லிசாக ஓர் எட்டு போட்டார். நான் விடுவேனா? தண்ணீர் நிற்கும் இடத்தைச் சுற்றி மாவை அள்ளி அள்ளிப் பட்டையாக இழுத்தேன். இதை யாரும் தொடக்கூடாது என்று அதற்கு அர்த்தம்.

மறுநாள் காலை வாசல் தெளிக்க வந்தால், பள்ளத்தின் ஓரத்தில் டிப்பர் லாரி. பின்தெருவில் இடித்த வீட்டின் செங்கல்லும் காரையும் பாதி லோடு உள்ளே விழுந்துவிட்டது. வாளியைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பள்ளத்துக்குள் இறங்கி நின்றேன்.

"யக்கா, நவுரு! மேல வுழுந்துடப் போவுது!" என்று கத்தினார் டிரைவர்.

"யாரு இங்க கொட்டச் சொன்னது?"

"செக்ரட்டரி சார்தான். கோடு போட்டு கீற எடத்துல கொட்டுன்னாரு. இன்னா பெருசா போட்டு கீது பாரு!"

கட்டட வேலையில் வெள்ளைக் கோடு என்றால் வேலை அங்கே என்று பொருள். எங்களில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. நடைபாதைக்கு அடியில் போடச் செயலாளர் சொன்னது தன் எட்டை. லாரிக்காரர் கண்ணில் பட்டது என் கோடு.

செயலாளர் வேர்க்க விறுவிறுக்க வந்தார். பள்ளத்தைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் திகைத்தார். அப்புறம் குரலைச் சரிசெய்துகொண்டார்.

"என்னைக்கா இருந்தாலும் மூடறதுதானே மேடம். பாதி கொட்டியாச்சு. மீதியும் கொட்டட்டும், மேல வாங்க."

தெருவே கூடி நின்றது. லாரி உறுமிக்கொண்டே இருந்தது.

"வரேன் சார். அதுக்கு முன்னாடி நீங்க எங்க வீட்டுக்கு வாங்க. இனிமே தண்ணி வந்தா எங்க மாமாவை எங்க தூக்கிட்டுப் போய் வைக்கிறதுன்னு நீங்களே சொல்லுங்க."

அவர் எங்கள் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். அன்றைக்குத் தண்ணீரில் நின்று கட்டிலைத் தூக்கியவர்களில் அவரும் ஒருவர். பிறகு டிரைவரைப் பார்த்துக் கையை ஆட்டினார். "எடுத்துட்டுப் போப்பா." கொட்டியதை வாரியெடுக்கவும் அவரே ஆள் பிடித்தார்.

ஐப்பசி மழை வலுத்த ஒரு பிற்பகலில் பள்ளம் தளும்பியது. தண்ணீர் எங்கள் கீழ்ப்படியைத் தொட்டது. நான் வாசலிலேயே நின்றேன். தண்ணீர் அதற்கு மேல் ஏறவில்லை.

"வந்துடுச்சாம்மா?" உள்ளேயிருந்து மாமா கேட்டார்.

"இல்ல மாமா."

அவர் நம்பவில்லை. அசைக்க முடிந்த ஒரு கையைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டுத் தரையைத் தடவிப் பார்த்தார். காய்ந்த தரை. மழை விடும்வரை அந்தக் கையை அவர் மேலே எடுக்கவே இல்லை.