நமுத்துப்போன கேப்

எங்கள் கிளப்பில் பழைய மாதிரி, குழல் வழியாக வெடிமருந்து கெட்டித்துச் சுடும் துப்பாக்கிக்காரர்கள் பத்துப் பேர். அத்தனை பேருக்கும் கேப் தேர்ந்து கொடுப்பது கதிர்காமநாதன் அங்கிள்தான். கேப் என்பது துவரம்பருப்பு அளவு செப்புத் தொப்பி. அதன்மேல் துப்பாக்கியின் சுத்தியல் அடித்தால் பொறி பறந்து உள்ளே மருந்து பற்றும். பத்தாம் நம்பரா, பதினொன்றா என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பார். தளர்வாக இருந்தால் கழன்று விழும், இறுக்கமாக இருந்தால் அதை உள்ளே தள்ளுவதிலேயே முதல் அடி வீண். அவர் எடுக்கும் நேரத்தில் பெண் பார்த்துக் கல்யாணமே முடித்துவிடலாம். ஆனால் அவர் மட்டும் சுடவே மாட்டார்.

வெளிநாட்டில் நாங்கள் குடியிருக்கும் மெரிலேண்ட்ஸில் இலங்கைக்காரர்கள் எல்லோரும் என்னைத் தம்பி என்பார்கள். அங்கிள் மட்டும் வெங்கட்ராமன் என்று என் முழுப்பெயர் சொல்வார். அவர் மனைவி சந்திரகலா அன்ரி ஒருநாள் காரணம் சொன்னார்.

"இவற்ற தம்பி இவற்ற துவக்காலதான் செத்தவன். வன்னியில பண்டி வேட்டைக்குப் போன இடத்தில. அதுக்குப் பிறகு அந்தச் சொல்லு இவற்ற வாயில வாறேல்ல."

பன்றி வேட்டையில் துப்பாக்கி எப்படி வெடித்தது என்று அன்ரிக்கும் தெரியாது. இன்னொருவர் அப்படிச் சாகக்கூடாது என்றுதான் மனிதர் ஞாயிறு தவறாமல் வருகிறார் என்று எனக்கு அன்றுதான் புரிந்தது. பாவமாக இருந்தது.

2012 குளிர்காலத்தில் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். ஈரம் பட்டது என்று அவர் ஒதுக்கிவைத்த டப்பாவிலிருந்து ஒரு கேப்பை எடுத்துப் போட்டுச் சுட்டேன். 'டக்' என்றது, அவ்வளவுதான். மதுரையில் தீபாவளிக்கு வெடிக்காத பட்டாசைக் காலால் உதைத்துப் பார்த்து வளர்ந்தவன் நான்.

"நமுத்துப்போச்சு அங்கிள், இனி வெடிக்காது" என்றபடி துப்பாக்கியோடு அவர் பக்கம் திரும்பினேன்.

அவர் பாய்ந்து வந்து குழலைப் பிடித்து இலக்குப் பக்கம் தள்ளினார். "அசையாதை."

நான்கு நொடி இருக்கும். உள்ளே கனன்றுகொண்டிருந்த பொறி மருந்தைப் பற்ற, துப்பாக்கி வெடித்தது. குழலைத் தள்ளியிருக்காவிட்டால் குண்டு அவர் நெஞ்சில்தான் பாய்ந்திருக்கும். மன்னிப்புக் கேட்டேன். அவர் காதில் அது விழவில்லை. புகை கலைந்த பிறகும் குழலுக்கு முன்னால் இருந்த வெறும் புல்லையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இனி வெடிக்காது, வாடா எண்டு நான்தான் அவனைக் கூப்பிட்டனான்" என்றார்.