வயிற்றுக்குக் காவல்

யோசு நகரத்தில் பேருந்து ஓட்டியே தலை நரைத்த பியன் தல்சுவுக்கு, சிறுநீரை அடக்குவது தொழிலோடு வந்த பழக்கம். அதனால் அடிக்கடி முட்டிக்கொண்டு வந்தபோதும் பழியைத் தொழிலின் தலையில் கட்டிவிட்டு இருந்தார். புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் இருக்கலாம், ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும்தான் அந்தச் சாக்கு எடுபடாமல் போயிற்று. ஊசி மலக்குடல் வழியாகப் போகும். அங்கிருக்கும் கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டால் உயிருக்கே ஆபத்து. அதைத் தடுக்கத்தான் முன்கூட்டியே மாத்திரை.

மாத்திரையோடு வயிற்று மருந்து எதுவும் சேரக் கூடாது என்று மருந்துக்கடைப் பெண் சொல்லித்தான் அனுப்பினாள். தல்சுவும் தலையாட்டிவிட்டு வந்தார்.

வீட்டில் மனைவி ஓக்பூன் வேறு சட்டம் வைத்திருந்தாள். வீரியமான மருந்து வயிற்றை அரித்துவிடும் என்பது அந்த ஊர் மனைவிமாருக்கு வேதவாக்கு. நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் வெள்ளைக் கூழ்ப் பாக்கெட் இல்லாத வீடே கிடையாது. வேளை தவறாமல் ஒரு கையில் மாத்திரை, மறு கையில் முனை கிழித்த பாக்கெட்டோடு வந்து நின்றாள். புற்று என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து, அவர் விழுங்கி முடிக்கும்வரை அவள் அங்கிருந்து நகர்வதில்லை. தல்சு வாயைத் திறந்தார். விழுங்கினார்.

சதை எடுத்த மறுநாளே குளிர் தூக்கிப் போட்டது. இரண்டு கம்பளி போர்த்தியும் பல் கிட்டியது. டாக்சி பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார் அங்கிருந்த இளம் டாக்டர். ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே வந்தது. மாத்திரை ஒழுங்காகப் போட்டாரா, கூட வேறெதுவும் சாப்பிட்டாரா என்று கேட்டார். வேறொன்றும் சாப்பிடவில்லை என்று தல்சு முந்திக்கொண்டு பொய் சொன்னார்.

ஓக்பூனுக்குப் பொறுக்கவில்லை. தன் கவனிப்பை யாரும் குறை சொல்லிவிடக் கூடாதே.

"ஒரு வேளை கூட விடல டாக்டர். வயிறு புண்ணாகாம இருக்க வெள்ளைக் கூழும் நான்தான் கையோட குடுத்தேன்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கூழ் மாத்திரையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் சேர விடாது என்றார். பிறகு திரும்பி, வேறு மருந்தை நேராக நரம்பில் ஏற்றச் சொன்னார். நர்ஸ் நரம்பு தேடினாள். கிடைக்கவில்லை.

ஓக்பூன் தல்சுவின் பக்கம் திரும்பினாள்.

"மருந்துக்கடையில உங்ககிட்ட சொல்லலியா?"

சொல்லவில்லை என்று இன்னொரு பொய் சொல்லியிருக்கலாம். அதற்குள் தெம்பு போய்விட்டது.

"சொன்னாங்க."

"தெரிஞ்சுமா குடிச்சீங்க?"

"நீ குடுத்தியே."

நர்ஸுக்கு ஒருவழியாக நரம்பு கிடைத்தது. குளிரில் ஆடிக்கொண்டிருந்த அவர் காலை ஓக்பூன் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் காய்ச்சல் இறங்கத் தொடங்கியதும்தான் அவளுக்கு வாய் திறந்தது. வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரித் திட்டினாள், அழுதுகொண்டே.