கேட்காம வந்து விழுந்த படங்கள்

ஊரார் படத்தையும் பைலையும் பத்திரமா வைக்கிற பெட்டியப் பார்த்துக்கிறதுதான் என் பொழப்பு. இதே பொழப்புல இருக்கிறவங்களுக்குத் தெரியும், டெலிபோன் அடிச்சாலே எந்தப் பெட்டி நின்னுச்சோன்னுதான் தோணும்.

காத்திருக்காத மெசின்

ஹட்டன்ல ஒரு ஸ்கேன் சென்டர். ரெண்டு ஸ்கேன் மெசின். அதுங்களோட கம்ப்யூட்டர் ஒரு ரூம்ல, படத்த வாங்கி வைக்கிற பெட்டி அடுத்த ரூம்ல, நடுவுல கேபிள். படம் போக ரெண்டு வழி இருக்கு. "எழுதணும்"னு கம்ப்யூட்டர் சொல்லிட்டு, "எடம் இருக்கு, அனுப்பு"ன்னு பெட்டி சொல்ற வரைக்கும் காத்திருக்கிறது ஒண்ணு. சொல்லும்போதே படத்தோட முதல் பங்கையும் கூடவே தள்ளிவிடுறது இன்னொண்ணு. ரெண்டாவதுதான் வேகம், ஆனா பெட்டிக்கு அதத் தாங்குற தெம்பு வேணும். நம்ம மெசினுங்க ரெண்டாவது வழிதான், பெட்டியோ அரதப் பழசு.

ஒரு நாள் ரெண்டு மெசினும் சேர்ந்து தள்ளுச்சு. தேயிலைக் கொழுந்து நிறுக்கிற மடுவத்துல, பேர் கூப்பிடறதுக்கு முன்னாடியே எல்லாரும் மூட்டையத் தராசுல போட்ட மாதிரி, பெட்டி திணறி நின்னுருச்சு. எல்லாத்தையும் நிறுத்தித் திரும்பப் போட்டேன். ஒரு படம் போயே போச்சு, திரும்ப எடுக்கணும். டிக்கோயாவுல இருந்து நொண்டிக்கிட்டு வந்த மனுசர், மறுபடியும் மேசையில ஏறிப் படுத்துக்கிட்டு கேட்டார்: "தம்பி, இந்தத் தடவையாச்சும் என் கால் உங்க பொட்டிக்குள்ள போயிருமா?"

சரி பண்ணின சரி

போன் போட்டதும், பெட்டிய மேற்பார்க்கிற கொழும்பு என்ஜினியர் அங்கிருந்தே பெட்டியோட செட்டிங்க மாத்தினார். இனிமே பெட்டி கேட்டாத்தான் படம் வரும்னார். அப்பாடான்னு பாலில்லாம ஒரு பிளேன்டி குடிச்சேன். பார்த்தா வேகம் கொஞ்சமும் குறையல. கேட்டு வாங்கினா கொஞ்சமாவது தாமதம் ஆகணுமே! எந்த வழியில அனுப்பணும்ங்கிற ஒப்பந்தத்த ரெண்டு பக்கமும் பேசிக்கிறது கனெக்சன் போடுற நேரத்துல மட்டும்தான். அறுத்துத் திரும்பப் போடாத வரைக்கும் பழைய பேச்சுதான் செல்லும். கனெக்சன அறுத்துப் போட்டுரவான்னு போன்ல என்ஜினியர்கிட்ட கேட்டேன். அவர் சொன்னார்: "ஆளுங்க வரிசையில நிக்கிறப்போ எதுக்குத் தொடுறீங்க? ஓடுதுல்ல, சாயந்திரம் பார்ப்போம்!"

ராசம்மா அக்கா

அன்னைக்குப் பகலே பூண்டுலோயாவுல இருந்து ராசம்மா அக்கா வந்தாங்க. கொழுந்து பறிக்கிறவங்க, வயித்துல கட்டி. கண்டியில ஆபரேசனுக்கு டாக்டர் இந்தப் படத்துக்குத்தான் காத்திருக்கார். ஊசி மருந்து ஏத்தி எடுக்கிற படம். அவங்க கிட்னி பலவீனம். இன்னொரு தடவ ஏத்தினா தாங்காது. ஸ்கேன் எடுக்கிற நளினி மிஸ் எடுத்து முடிச்சாங்க. பாதி போனதும் பக்கத்து மெசினும் சேர்ந்து தள்ள, பெட்டி மறுபடியும் நின்னுருச்சு.

ஐயோ சாமி! மீதிப் படம் கம்ப்யூட்டரோட நினைவுல மட்டும்தான் இருக்கு. முன்ன மாதிரி எல்லாத்தையும் நிறுத்திப் போட்டா அழிஞ்சிரும். கேபிள மட்டும் புடுங்கிச் செருகினா, புதுசாப் பேசி மீதிய அனுப்பலாம். ஆனா கம்ப்யூட்டர் ரொம்ப நேரம் காத்திருக்காது, கைவிட்டுரும். ரெண்டு மெசின் கேபிளையும் புடுங்கினேன். அக்காவோடத மட்டும் செருகினேன். பெட்டியோட பச்சை விளக்கு மினுக்கவே மாட்டேங்குது. செத்தேன்னு நினைச்சேன்.

மினுக்குச்சு! பெட்டி கேட்கக் கேட்க, ஒவ்வொரு படமா உள்ள போச்சு. நான் செவுத்தப் புடிச்சுக்கிட்டு வெளிய வந்தேன். கையில பஞ்ச அமுக்கிக்கிட்டு உக்காந்திருந்த ராசம்மா அக்கா என்னைய ஏற இறங்கப் பார்த்தாங்க: "என்னா தம்பி, கட்டி எனக்கா, ஒங்களுக்கா?"

ஆபரேசன் நல்லபடியா முடிஞ்சு அக்கா தேயிலை மலைக்கு வேலைக்கே போறாங்க, நான்தான் இன்னும் பிரஷருக்குக் குளிசை போட்டுக்கிட்டு இருக்கேன்.